பொன்னம்பலத்தாரின் கழுத்து

நிரூபா அந்தப் பச்சோந்தியை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு ஒரே காரணம், அதை யாரும் தொடக் கூடாது என்று மாக்கஸ் சொன்னதுதான்.

மாக்கஸ் கோதுமைப் பாண் சுடும் தொழிற்சாலையில் அவளோடு ஒரே லைனில் நின்றவன். ஒஷாவாவுக்குக் குடிபோக இருந்தான். போகிற வீட்டில் இரண்டு பூனைகள். இடைவேளையில் போனில் படத்தைக் காட்டி, "தூக்கக் கூடாது, தடவக் கூடாது, பக்கத்தில் நின்று சத்தம் போடக் கூடாது. சாப்பாடும் தண்ணியும் வைத்துவிட்டுத் தன்பாட்டில் விட்டால் போதும்" என்றான். விடிய நாலரைக்கு எழும்பி, இரண்டு பஸ் மாறிப் போய், எட்டு மணித்தியாலம் பாண் வெட்டும் இயந்திரத்தின் முன் நின்று, மறுபடி இரண்டு பஸ் மாறி வருகிற ஒருத்திக்கு, தன்பாட்டில் விட்டால் போதும் என்கிற ஓர் உயிர் உலகத்தில் இருப்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தச் சனிக்கிழமையே அது பெட்டியோடு ரொறன்ரோவின் மல்வேர்னில் அவளும் கணவன் கிருபனும் வாடகைக்கு இருந்த பேஸ்மென்றுக்கு, ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்துக்கு, வந்து சேர்ந்தது.

இடுப்புயரக் கண்ணாடிப் பெட்டி. மூடியில் கம்பிவலை, அதன்மேல் இரண்டு விளக்குகள். உள்ளே ஈரமண்ணில் ஒரு மணி பிளான்ட், ஒரு சிறிய செவ்வரத்தைச் செடி, குறுக்கும் நெடுக்குமாகச் சில தடிகள். நவம்பர் மாதத்து மல்வேர்ன் முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டிருக்க, அந்தப் பெட்டிக்குள் மட்டும் யாரோ ஒரு துண்டு மழைக்காட்டை வெட்டி வைத்தது போலிருந்தது. அதற்குள் ஒரு தடியில், நாலு மாதக் குஞ்சு, அவளுடைய சுட்டுவிரல் நீளம்கூட இல்லை, ஓரடி எடுத்துவைத்து அரையடி பின்னுக்கு ஆடி, யோசித்து, மறுபடி ஓரடி வைத்தது.

"இதென்னப்பா இது," என்றான் கிருபன். "வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டின கதையாக் கிடக்கு. நான் உதில கைவைக்க மாட்டன், சொல்லிப்போட்டன்."

"உங்களை ஆர் கேட்டது? நான் பாப்பன்."

அவன் குனிந்து பார்த்தான். "நடையைப் பாரும். எங்கட ஊரில பென்சன் எடுக்கப் போற பொன்னம்பலத்தார் மாதிரி."

பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மேல்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி யோகராணி அன்ரியின் செத்துப்போன கணவருடைய பெயரும் அதுதான் என்பது இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் குடிவந்தபோது மேலே அவர் மாலை போட்ட படமாகத்தான் இருந்தார். அன்ரி அவரை 'இவர்' என்பாரே தவிர, பெயரை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. உடுப்புத் தோய்க்கும் மெஷின் கீழே இருந்ததால் அன்ரி கூடையோடு இறங்கிவருவார். அப்படி வந்த ஒருநாள் நிரூபா பெட்டியைப் பார்த்து, "பொன்னம்பலம், கொஞ்சம் இஞ்சால வாரும்" என்றதைக் கேட்டு, படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, அது இவற்ற பேரெல்லோ."

நிரூபாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "ஐயோ அன்ரி, சத்தியமாத் தெரியாது. இண்டைக்கே மாத்திறன்."

அன்ரி கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பெட்டிக்குக் கிட்டப் போனார். கனநேரம் பார்த்தார். "வைச்ச பேரை மாத்தக் கூடாது," என்றார். "இருக்கட்டும். அவருக்குக் குளிராதோ?"

அதற்குப் பிறகு அன்ரிக்கும் அது 'அவர்' ஆகிவிட்டது.

கிருபனுக்கு அஜக்ஸ் நகரில் ஒரு பண்டகசாலையில் பின்னேர ஷிஃப்ற்; அநேகமான சனி ஞாயிறுகளிலும் ஓவர்டைம். இவள் வீடு வந்துசேர நாலு மணியாகும். அவன் இரண்டு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அவன் வரும்போது இவள் உறக்கத்தில் இருப்பாள், இவள் போகும்போது அவன். ஒரே கட்டிலில் படுத்தும், ஒருவர் விழித்திருந்தபோது மற்றவர் உறங்கினார். தொடக்கத்தில் போனில் செய்தி போட்டுக்கொண்டார்கள். 'சாப்பிட்டீரோ', 'குப்பை வைச்சனீங்களோ' என்று. நாளாக நாளாக எந்தக் கேள்வியும் குற்றம் சாட்டுவது போலவே போய் விழுந்தது. குப்பை வைச்சனீங்களோ என்றால் வைக்கவில்லை என்று அர்த்தம். ஆகவே கேட்பதை விட்டுவிட்டார்கள். கண்ணில் பட்ட வேலையை, கண்ணில் பட்டவர் செய்தார்.

நிரூபா நாலு மணிக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பொன்னம்பலத்துக்குச் சாப்பாடு வைப்பாள். கடையில் பெட்டியாக விற்கும் சுவர்க்கோழிப் பூச்சிகள். எட்டை எடுத்து, எலும்புக்குச் சத்தான வெள்ளைப் பொடியில் குலுக்கி, கிண்ணத்தில் விடுவாள். பிறகு இலைகளுக்குத் தண்ணீர் விசிறுவாள். அவர் நேரம் எடுத்துக் குறிபார்த்து, தன் உடம்பளவு நாக்கை வீசி ஒன்றைப் பிடிக்கும்போது, நாள் முழுவதும் கைகளில் ஒட்டியிருந்த பாண் மணம் அவளுக்கு மறந்துபோகும். அவளுடைய வாழ்க்கையில் வளர்வது என்று அது ஒன்றுதான் இருந்தது. சம்பளம் வளரவில்லை, சேமிப்பும் இல்லை. இது மட்டும், ஒரு மாதத்தில், சுட்டுவிரலைத் தாண்டிவிட்டது. 'இதையாவது நான் ஒழுங்காக வளர்த்துவிட வேண்டும்' என்று பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நினைப்பாள்.

டிசம்பர் முதல் கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பெட்டிக்கு முன்னால் வந்து நின்றவள் பூச்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவருடைய கழுத்து வீங்கியிருந்தது. தோளுக்கும் தாடைக்கும் நடுவே யாரோ தண்ணீர் நிரப்பிய பையைக் கட்டிவிட்டது போல. விளக்கு எரியும் நேரத்தில் கண்களை மூடிக்கொண்டு கிடந்தார். பச்சை மங்கி, ஊறிய தேயிலை நிறமாகியிருந்தது.

அவள் கிருபனுக்கு அழைத்தாள். வேலை நேரத்தில் அவள் அழைத்ததில்லை. அவன் பயந்துதான் எடுத்தான்.

"பொன்னம்பலத்துக்குச் சரியில்லையப்பா. கழுத்து வீங்கிக் கிடக்கு. செத்துப்போயிடும் போல."

அவன் பகிடி விட்டுச் சிரிப்பான் என்று காத்திருந்தாள். விடவில்லை. "நாளைக்குக் காலமை கொண்டுபோவம்," என்றான். "நான் இடம் பாத்து வைக்கிறன். நீர் ஒண்டும் செய்யாதையும்." அவனுடைய குரல் ஒரு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் துவாய் சுற்றி, அதன் கீழ் சுடுதண்ணிப் போத்தல் வைத்து, அதை ஜக்கெற்றுக்குள் அணைத்துக்கொண்டு நிரூபா காரில் ஏறினாள். பின்கதவும் திறந்தது. அன்ரி, சேலைக்கு மேல் பெரிய கோட்டும் பனிச்சப்பாத்துமாக ஏறி உட்கார்ந்தார்.

"அன்ரி, நீங்கள் எங்க?"

"நானும் வாறன். ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தனிய அனுப்பக் கூடாது."

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் பனிமழை தூறிக்கொண்டிருந்தது. மூன்றுபேரும் ஒன்றாக ஒரு காரில் போவது இதுதான் முதல்தடவை என்று நிரூபாவுக்குத் தோன்றியது. கிருபனின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தும் கனநாளாயிற்று. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஷேவ் எடுத்தபோது ஒரு துண்டை விட்டிருந்தான்.

மிருகவைத்தியர் லெஸ்லி என்ற இளம்பெண். கையுறை போட்டு, அவரைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பூச்சி?"

"எட்டு," என்றாள் நிரூபா.

"ஒவ்வொரு நாளும் பொடி போட்டா?"

"ஓம். பிழையோ?"

"தினமும் தேவையில்லை. ஆனால் எட்டு என்றால் இவ்வளவு நிறை இருக்காது, இப்படி வீக்கமும் வராது. இது அளவுக்கு மிஞ்சிய சாப்பாடு. அளவுக்கு மிஞ்சிய சத்து." அவள் கணினியைப் பார்த்தாள். "வீட்டில் வேறு யாரும் கொடுக்கிறார்களா?"

"இல்லை, நான் மட்டும்தான்," என்று நிரூபா சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் கிருபன் தொண்டையைச் செருமினான்.

"நானும்," என்றான். "காலமை பதினொரு மணிக்கு. ஒரு பத்து."

நிரூபா திரும்பிப் பார்த்தாள். "நீங்களோ? கைவைக்க மாட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். எழும்பி வரேக்குள்ள அது என்னைப் பாக்குது. நீர் விடிய ஓடுறீர், எங்க அதுக்கு நேரம் எண்டு நினைச்சன்." அவன் தன் குளிர்க் கையுறையைத் திருகினான். "பூச்சி குறைஞ்சா உமக்குத் தெரிஞ்சிடுமெண்டு நானும் ஒரு பெட்டி வாங்கி நிரப்பிவைக்கிறனான்."

"பொடியும் போட்டோ?"

"நெட்டில போடச் சொல்லித்தானே கிடக்கு."

லெஸ்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதற்குள் மூலையில் கதிரையில் இருந்த அன்ரி, "என்னவாம் கேக்கிறா?" என்றார்.

"ஆர் சாப்பாடு குடுக்கிறதெண்டு கேக்கிறா, அன்ரி."

அன்ரி கைப்பையின் பிடியைப் பார்த்தார்.

"மத்தியானம்," என்றார். "தம்பி வேலைக்குப் போனாப் பிறகு, உடுப்புப் போட வரேக்குள்ள. ஒரு ஏழெட்டுத்தான், பிள்ளை. அந்தப் பெட்டியிலயிருந்து. பொடி கிட்டத்தானே இருக்கு, அதையும் தூவிறனான். உப்பில்லாமல் எப்பிடிக் குடுக்கிறது?"

கிருபனுக்குச் சிரிப்பு வந்து, அது வாய்வரை வந்து, நிரூபாவின் முகத்தைக் கண்டு திரும்பிப் போயிற்று. நிரூபா அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். லெஸ்லி சிரிக்கவில்லை. மூன்று நாள் முழுப் பட்டினி என்றாள். பொடி ஒரு மாதத்துக்குக் கிடையாது. தண்ணீர் மட்டும், நிறையத் தண்ணீர். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு பூச்சி, ஒரே ஆள் கொடுக்க வேண்டும். "சிறுநீரகம் தாங்கினால் பிழைக்கும். இன்னும் ஒரு கிழமை இப்படியே கொடுத்திருந்தால் பிழைக்காது. இந்த மூன்று நாளில் யாராவது இரக்கப்பட்டாலும் பிழைக்காது."

திரும்பும் வழியில் ஸ்காபரோ எல்லை வந்தபிறகுதான் அன்ரி வாய் திறந்தார்.

"இவருக்குச் சலரோகம், சீனி வருத்தம். கடைசி ஒரு வருசம் எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லி டொக்டர். நானும் நிப்பாட்டினன், சொன்ன மாதிரியே. மாம்பழ சீசனில ஒரு துண்டு கேட்டவர். ஒரே ஒரு துண்டு. பிறிட்ஜுக்குள்ள கிடந்தது, நான் குடுக்கேல்ல." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "உன்ர மடியில கிடக்கிற உவருக்கு நாக்கு அவ்வளவு நீளம். கேக்கிற மாதிரியே இருக்கும்."

மடியில் பெட்டி லேசாக அசைந்தது. தூங்கவேண்டும் போல் இருந்தது நிரூபாவுக்கு, ஒரு வாரத்துக்கு, யாரும் எழுப்பாமல்.

சனியும் ஞாயிறும் மூன்றுபேரும் ஒருவரை ஒருவர் காவல்காத்துக் கழிந்தன. திங்கட்கிழமை வேலை. பத்தரையிலிருந்தே நிரூபாவின் கைகள் பாணைத் தள்ளின, மனம் பேஸ்மென்றில் நின்றது. கிருபன் இரண்டு மணிக்குப் போய்விடுவான். அவள் போய்ச் சேர நாலு. நடுவே இரண்டு மணித்தியாலம். பூச்சிப் பெட்டியை ஒளித்துவைத்திருக்கலாம். ஆனால் அது அன்ரியின் வீடு. திருடருக்கு ஒளிப்பது போல் அன்ரிக்கு ஒளிக்க அவளால் முடியவில்லை.

அன்று ஓர் இயந்திரம் பழுதாகி வேலை அரை மணித்தியாலம் நீண்டது. இரண்டரைக்குக் கடைசி இடைவேளை விட்டார்கள். லொக்கரைத் திறந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை." அன்ரியின் குரல் மிகச் சின்னதாக இருந்தது. "நான் கீழ நிக்கிறன்."

"ஓம், அன்ரி."

"பூச்சிப் பெட்டி கையில கிடக்கு. மூடியும் திறந்திட்டன். ஒண்டு. ஒண்டே ஒண்டு குடுத்தா என்ன?"

நிரூபா லொக்கரில் சாய்ந்தாள். லெஸ்லி சொன்னதை மறுபடி சொல்லலாம். கோபப்படலாம். அதற்கெல்லாம் எங்கிருந்தோ ஒரு பலம் வேண்டும். அது அன்று விடியவே முடிந்துபோயிருந்தது.

"அன்ரி," என்றாள். "குடுக்காதேங்கோ எண்டு சொல்ல எனக்கும் ஏலாமக் கிடக்கு. நானும் அந்த நாக்கைப் பாத்திட்டுத்தான் ஒவ்வொரு நாளும் படுக்கிறனான். ஆனா குடுத்தா செத்துப்போவார். எனக்கு அவர் வேணும், அன்ரி. வேற ஒண்டும் எனக்கு இப்ப வேண்டாம், அவர் இருக்கோணும்."

மறுமுனையில் பூச்சிகள் காகிதத்தில் சுரண்டும் சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப நான் என்ன செய்யிறது? சும்மா நிண்டு பாக்கிறதோ?"

"தண்ணி அடியுங்கோ. தண்ணி எவ்வளவும் குடுக்கலாம். தண்ணி விசிறுற போத்தல் கண்ணாடிப் பெட்டி மூடிக்கு மேல கிடக்கு. இலையில அடியுங்கோ, அவரில படாமல்."

பூச்சிப் பெட்டியின் மூடி பூட்டும் சத்தம் கேட்டது. போனை எங்கோ வைத்தார். போத்தலின் சின்னச் சீறல், ஒருதரம், இரண்டுதரம். வேலை தொடங்கும் மணி அடித்தது. லைன் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். நிரூபா ஒரு விரலைக் காட்டினாள்; என்ன நினைத்தாரோ, அவர் போய்விட்டார்.

"செவ்வரத்தையில துளி நிக்குது," என்றார் அன்ரி. "இவர் பாக்கிறார். இல்லை, பாக்கேல்ல. ஆ, வாயைத் திறக்கிறார். குடிக்கிறார், பிள்ளை."

"அடியுங்கோ."

"இன்னும் குடிக்கிறார். தொண்டை அசையுது."

அவள் கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். உறைபனிக்காலத்து ரொறன்ரோவில், பாண் மணக்கும் ஓர் அறையில், எங்கோ தூரத்தில் ஒரு சின்ன மழை பெய்துகொண்டிருந்தது.

நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அன்ரி பெட்டிக்கு முன்னால் கதிரையில் இருந்தபடியே உறங்கிப்போயிருந்தார். மடியில் தண்ணீர் தீர்ந்த போத்தல். சேலை முழங்காலளவு நனைந்திருந்தது. மணி பிளான்ட் சொட்டிக்கொண்டிருந்தது, மண் குளமாகிக் கிடந்தது. வீக்கம் அப்படியேதான். ஆனால் தடியில் இருந்தவரின் கண்கள் திறந்திருந்தன. ஒரு கண் அன்ரியைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றக் கண் மெல்லச் சுழன்று வாசலில் நின்றவளிடம் வந்து நின்றது.

நிரூபா ஜக்கெற்றைக் கழற்றி அன்ரிக்குப் போர்த்தினாள். போனை எடுத்து, கிருபனுக்கு 'குடுக்கேல்ல' என்று ஒரு சொல் மட்டும் எழுதினாள். பிறகு சப்பாத்தோடேயே நிலத்தில் உட்கார்ந்து, கதிரைக் காலில் தலையைச் சாய்த்தாள்.