மிளகாய் மூட்டை மேல் லேப்டாப்

அபிராமத்துக்குப் பக்கத்தில் மிளகாய் விவசாயம் பார்க்கும் நாகநாதனுக்குக் கார்ப் பந்தய விளையாட்டு என்றால் உயிர். அவன் மனைவி வீரலட்சுமிக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது தொழில். பரமக்குடி ஸ்டுடியோக்காரர் சுஐபு முதன்முதலாக ஒரு ஆல்பத்தை அவளை நம்பிக் கொடுத்திருந்தார். மறுநாள் மாலைக்குள் முடிக்காவிட்டால் இனி வேலையெல்லாம் மதுரைக்குப் போய்விடும். பழைய கம்ப்யூட்டரோ படுத்துவிட்டது. இருவரும் இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் பாக்கர் ஒரே விலையில் இரண்டு லேப்டாப்பைத் திறந்து வைத்தார். ஒன்றில் கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருந்தது; அதில் கார்ப் பந்தயத்தை ஓட்டிக் காட்டினார். ராம் ஒரு ஜிபிதான். மற்றதில் தனிக் கார்டு கிடையாது. ராம் மூன்று ஜிபி.

"கார்டு உள்ளதையே எடுத்துருவோம் புள்ள. காரு என்னமாப் பறக்குது பாரு!"

வீரலட்சுமி தலையாட்டவில்லை. ஆல்பத்தில் ஒரு பக்கம் என்பது ஒரே படமல்ல. மணமக்கள், பின்னணி, பூவேலை, எழுத்து என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குகள்.

"மச்சான், ஹார்டு டிஸ்க்கு நம்ம நெல்லுக் குலுக்கை மாதிரி. எல்லாத்தையும் கொட்டி வைக்கலாம். ராம் மிளகாய் காயப்போடுற களம் மாதிரி. களம் சின்னதா இருந்தா, அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டே நிக்கணும். எனக்கு எல்லா அடுக்கையும் ஒண்ணா விரிச்சு வைக்கணும்."

"அப்ப என் காரு?"

"படத்தோட தெளிவைக் கொறச்சுக்கிட்டா ஓடும்ணே," என்றார் பாக்கர்.

"எப்படி, மாட்டு வண்டி மாதிரியா?"

"மினி பஸ் மாதிரி."

ராம் கூடியதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், "ஒரே ஒரு ஆட்டம்," என்று நாகநாதன் கெஞ்சினான். அறுவடை முடிந்த நேரம். கூடம் முழுக்க மிளகாய் மூட்டை. மேசை உயரத்துக்கு வாகாக இருந்த ஒன்றின் மேல் லேப்டாப்பை வைத்து ஆடினான். சற்று நேரத்தில் தும்மல் தொடங்கியது. அவளுக்கும் கண் எரிந்தது. பிறகு திரை பொசுக்கென்று அணைந்தது.

"பாத்தியா! அப்பவே சொன்னேன்ல, கார்டு உள்ளதை எடுன்னு!"

வீரலட்சுமி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ஆல்பத்தின் நடுவில் இப்படி அணைந்தால்? பக்கவாட்டுத் துளையில் கை வைத்துப் பார்த்தாள். கொதித்தது; ஆனால் காற்றே வரவில்லை. புரட்டினாள். அடியில் இருந்த சல்லடைத் துளைகளில் சிவப்புத் தூள்.

"மச்சான், இது கீழ மூச்சை இழுத்துப் பக்கத்துல விடுது. உள்ள இருக்க சூடு அப்பிடித்தான் வெளிய போகும். சாக்கு மூக்கை அடைச்சிருச்சு. இழுத்த கொஞ்சத்தையும் மிளகாய்த் தூளோட நம்ம மூஞ்சியில ஊதியிருக்கு. சூடு தாங்காம தானே அணைஞ்சுக்கிச்சு."

"அதுக்கும் கண்ணு எரிஞ்சிருக்குமோ?"

பெயிண்ட் பிரஷால் தூளைத் தட்டிவிட்டு, அடுக்களையில் இருந்து பானை வைக்கும் இரண்டு பிரிமணைகளைக் கொண்டுவந்து, இரு ஓரத்திலும் முட்டுக் கொடுத்து வைத்தாள். நடுவில் காற்று தாராளமாகப் புகுந்தது. மறுநாள் மதியம் வரை அத்தனை அடுக்குகளையும் விரித்து வைத்து வேலை செய்தாள், லேப்டாப் ஓரிடத்திலும் திக்கவில்லை.

மாலையில் பரமக்குடி ஸ்டுடியோவில், அவள் ஆல்பத்தைப் பதிந்து கொண்டுவந்த டிவிடியின் உறையைச் சுஐபு பிரித்தார். அடுத்தடுத்து மூன்று தும்மல்.

"என்னம்மா வச்சிருக்கே இதுல?"

நாகநாதன் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். உறை மிளகாய் மூட்டை மேல் கிடந்தது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

சுஐபு கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு கல்யாணத்தின் படங்களை எடுத்து நீட்டினார்.

"இதையும் நீயே பண்ணிரு. உறை மட்டும் நான் போட்டுக்கிறேன்."