பஸ் பலகையில் செய்த வளைவு

டிரைவர் வீட்டுத் தோட்டத்து மர வளைவின் வழியாக "வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே காலெடுத்து வைத்தவர்கள், மறு அடியில் அதே தோட்டத்துக்குள் வந்து நின்றார்கள். முதலில் அகப்பட்டது டிரைவரின் அக்கா. மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் உள்ளே வந்தவள், தம்பி பெண்டாட்டிக்குத் தன்னை அனுப்ப மனசில்லை போலும் என்று பூரித்துப்போய், இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். தம்பி பெண்டாட்டியான தையல்காரிக்கோ, அன்றைக்கே முடித்துத் தரவேண்டிய பள்ளிச் சீருடைகள் மெஷினடியில் மலையாகக் கிடந்தன.

வளைவு அவள் கேட்டதுதான். கல்யாணமான புதிதில் ஒரு காலண்டர் படத்தைக் காட்டி, வாசலில் இப்படி ஒன்று வைத்துக் கொடி ஏற்றிவிட்டால் நன்றாயிருக்கும் என்றாள். ஆகட்டும் என்றார் டிரைவர். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய், அவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த ஆகட்டும் ஆனது. அவர் கடைசியாக ஓட்டிய பஸ்ஸையும் அவரோடு சேர்த்தே கழித்துக்கட்டியிருந்தார்கள். அதன் தரைப் பலகைகளைப் பணிமனையில் கேட்டு வாங்கி வந்தார். நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாக அறுத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, சுவரில் அரைவட்டமாக அடித்த முளைகளைச் சுற்றி வளைத்து, பட்டைமேல் பட்டையாகப் பசை தடவி இறுக்கிக் கட்டினார். முதல் பட்டைகள் படார் படாரென்று முறிந்தன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அக்கா வந்து சொல்லிவிட்டுப் போனாள்; மரத்தைச் சொன்னாளா, தம்பியைச் சொன்னாளா தெரியவில்லை. கடைசியில் வளைந்தது. ஆனால் ஆயுள் முழுக்கப் போவதும் திரும்புவதுமாக இருந்த மரம், வளைத்துவிட்டால் மட்டும் பழக்கத்தை விட்டுவிடுமா? தெருவில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை.

அதன் சட்டதிட்டம் போகப் போகத்தான் பிடிபட்டது. வெறும் வரேன் என்றால் போகவே முடியாது. போயிட்டு வரேன் என்றால் போகலாம், ஆனால் வந்தே ஆகவேண்டும். மீட்டர் பார்க்க வந்தவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போய், மாலையில் மறுபடி வந்து நின்று, நான் எதுக்குங்க வந்தேன் என்று தையல்காரியிடமே கேட்டார். வாயைத் திறக்காமல் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போறேன் என்றால் என்ன ஆகும் என்பதைத் தையல்காரியின் தம்பி காட்டினான். ஏதோ வாய்த்தகராறில் போறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன், கோபம் ஆறி ஒரு பை நிறையப் பழங்களோடு வந்தபோது, வளைவுக்குள் நுழைந்து தெருவிலேயே வெளிப்பட்டான். வேலியேறிக் குதித்தும் பார்த்தான், தெருப்பக்கமே விழுந்தான். அன்றிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு ஸ்டூல், இந்தப் பக்கத்திலிருந்து டீ. பிரித்துப் போட்டுவிடலாமா என்று டிரைவர் கேட்டார். கொடி பாதி ஏறியிருந்தது. பூக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

போறேன் என்பது அந்த வீட்டில் முன்பே ஆகாத சொல். முதல் டிரிப்புக்கு அவசரமாகக் கிளம்பும் டிரைவர் வாய்தவறி அப்படிச் சொல்லிவிடுவார். அவள் ஊசியும் கையுமாக ஓடிப்போய்த் திரும்ப அழைத்து, ஒரு நிமிஷம் உட்காரவைத்து, ஒழுங்காகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அந்தத் தாமதத்துக்காகப் பயணிகளிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே அவருக்கு முதலில் நெஞ்சும் பிறகு சிறுநீரகமும் மக்கர் செய்தபோது, என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்போதெல்லாம் ஸ்ட்ரெச்சரோடு நடந்து, வளைவடியில் நிறுத்தச் சொல்லி, அவர் காதருகே குனிந்து "சொல்லுங்க" என்பாள். "போயிட்டு வரேன்" என்பார். டாக்டர்கள் கையை விரிப்பார்கள், அவர் வந்துவிடுவார். வந்தாரே தவிர, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக வந்தார். ஒரு தடவை நடை வரவில்லை. இன்னொரு தடவை பசி வரவில்லை, பிறகு தூக்கம். வலி மட்டும் குறையில்லாமல் கூடவே வந்தது.

இப்படியே வருஷங்கள் போயின. கொடுத்துவைத்தவள் என்றது தெரு. கொடுத்துவைத்தவள் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள், துணி அலசினாள், ஊட்டினாள், மிச்ச நேரத்தில் மெஷினை மிதித்தாள். தையல் கோணலாக ஓடியது. அவளுக்கு அலுத்துப்போயிற்று. அவர்மேல் அல்ல, ஆனாலும் அலுப்பு அலுப்புதான், அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஒருநாள் மதியம், ஜன்னல் வழியே வளைவைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "பஸ்ஸுக்கே ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க. எனக்குத்தான் டிரிப் ஓயமாட்டேங்குது."

அவள் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். கோக்க முடியவில்லை.

அடுத்த தடவை ஆம்புலன்ஸ் காலையிலேயே வந்தது. வளைவடியில், யாரும் சொல்லாமலே, தூக்கியவர்கள் நின்றார்கள். டிரைவரும் பழக்கப்படி அவள் குரலுக்குக் காத்திருந்தார். அவள் குனிந்து அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"உங்களுக்கு எது வாயில வருதோ அதையே சொல்லுங்க. நான் திருப்பிக் கூப்பிட மாட்டேன்."

"கோச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்ப நான் போறேன்," என்றார், முதல் டிரிப்புக்கு நேரமானவரின் குரலில்.

அவள் அழுதாள். கூப்பிடவில்லை. வேலிக்கு வெளியே நின்றிருந்த தம்பி அவரோடு வண்டியில் ஏறிக்கொண்டான்.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. உடலைக் கொண்டுவந்தவர்கள் வளைவுக்குள் நுழைந்து, தெருவில் வெளிப்பட்டார்கள். இன்னொரு முறை முயன்றார்கள். "விடுங்க, அவரை அலைக்கழிக்காதீங்க," என்றாள் தையல்காரி. பிறகு வாயைத் திறக்காமல் வளைவைக் கடந்து தெருவுக்கு வந்து, தம்பியின் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வளைவை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. கொடி முழுக்க மூடி, தாராளமாகப் பூக்கிறது. வந்து போகிறவர்கள் கிளம்பும்போது தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். புதியவர்களுக்குத் தெருமுனையிலேயே சொல்லிவிடுகிறார்கள். தையல்காரிக்கு இப்போது கண் மங்கல், மூட்டு வலி. சில காலைகளில் அந்தச் சொல் அவளுக்கும் நுனிநாக்குவரை வருகிறது. ஆனால் கொடிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி டீக்கு உட்கார்ந்திருப்பான். நூல் வாங்கக் கிளம்பும்போது, காலி வீட்டைத் திரும்பிப் பார்த்து, போயிட்டு வரேன் என்கிறாள். வந்துவிடுகிறாள்.