நிலவுக் காலத்தில் போட்ட நண்டு விளம்பரம்

நிஸ்றா ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. ‘ஏறாவூர் வாவி மீன்’ என்ற பேஸ்புக் பக்கத்தில் எந்த நாளில் எந்தப் படம், எத்தனை மணிக்கு, என்ன எழுத்து என்று மாதம் பிறக்கும் முன்பே கொப்பியில் கட்டம் போட்டு எழுதிவிடுவாள். வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கும் தமிழ் வீடுகள் அதிகம் என்பதால் அன்றைக்கு மீன் படம் இல்லை. தவக்கால வெள்ளிகளில் மட்டும் புளியந்தீவுக் கிறிஸ்தவ வீடுகளுக்கென்று தனிப் பதிவு, ஏனென்றால் அவர்கள் அன்று இறைச்சியை விட்டு மீன் தேடுவார்கள். நோன்பு மாதத்தில் அஸர் தொழுகைக்கு முன் சாப்பாட்டுப் படமே கிடையாது. இத்தனையும் அவளுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவளுடைய புருஷன் றிஸ்லான் அதிகாலையில் தோணிக்காரரிடம் வாங்கி, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொடுப்பான். எட்டு வருஷம் கட்டாரில் இருந்துவிட்டு வந்தவன். வியாபாரம் பிடிபடாவிட்டால் திரும்பிப் போவதென்று ஏற்பாடு. பழைய கம்பனி விசாவோடு நின்றது. முடிவு சொல்ல ஒரு கிழமைதான் மிச்சம்.

அந்தப் பதற்றத்தில்தான் அவன் கொப்பியைப் புரட்டினான். பௌர்ணமிப் போயா நாள் கட்டத்தில் ‘நண்டு போடக்கூடாது’ என்று இருந்தது. நாடே லீவில் வீட்டில் இருக்கும் நாளில் நண்டு விற்காமல் வேறெப்போது விற்பது? நிஸ்றா ஓட்டமாவடிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ‘போயா ஸ்பெஷல் நண்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். நாற்பது வீடுகள் கேட்டன. மனுஷனுக்குக் கால் தரையில் படவில்லை.

எட்டு வருஷம் ஏசிக்குள் கிடந்தவனுக்கு வானத்தில் நிலா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! வாவிக்கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அவனுக்கு மறந்தே போயிருந்தது.

நண்டு கொடுத்த அன்று மத்தியானமே புளியந்தீவு பியட்றிஸ் அன்ரி போன் எடுத்தா. “மனே, என்ன நண்டு இது? உடைச்சாத் தண்ணிதான் வருது. பேரப்புள்ளைகளுக்கு முன்னால என்ட மானம் போச்சு!”

பேஸ்புக் பக்கத்திலும் ஏச்சு குவிந்தது. றிஸ்லான் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தபோது நிஸ்றா வந்து சேர்ந்தாள்.

“அழிக்காதீங்க” என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மிச்சமிருந்த நண்டொன்றை எடுத்தாள். போனை நிமிர்த்தி வைத்து, கமராவுக்கு முன்னால் அதை உடைத்தாள். முகம் காட்டவில்லை. கையும் நண்டும் குரலும் மட்டும்தான்.

“இந்தா பாருங்க, உள்ளுக்குச் சதை இல்ல. நிலவு காலத்து நண்டு இப்பிடித்தான். இத வித்தது எங்கட பிழை. நிலவு தேஞ்சு இருட்டு தொடங்கினதும் நாப்பது வீட்டுக்கும் வேற நண்டு சும்மா கொண்டுவந்து தருவம். அதுவரைக்கும் ஆருக்கிட்டயும் நண்டு வாங்காதீங்க. எங்களுக்கிட்டயும்தான்.”

‘எங்கட பிழை’ என்றாள். அவளுக்கு அந்தப் பிழையில் எள்ளளவும் பங்கில்லை. இப்படி ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டா நான் எட்டு வருஷம் கட்டாரில் ஏசிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன் என்று றிஸ்லான் தன்னையே நொந்துகொண்டான்.

வாங்காதீர்கள் என்று சொல்லும் மீன்காரியை ஊர் அதுவரை கண்டதில்லை. வீடியோ மட்டக்களப்பு முழுக்கச் சுற்றியது. இறால் எப்போது நல்லது, மீனுக்கு எந்த நாள் என்று ஆட்கள் அவளிடமே கேட்டார்கள். இருட்டுக்கு நண்டு கேட்டுப் பதிந்தவர்களை எழுதக் கொப்பியில் இன்னும் இரண்டு பக்கம் தேவைப்பட்டது. பியட்றிஸ் அன்ரியும் திரும்பப் போன் எடுத்தா. “உன்ட பொஞ்சாதி எந்த நாள் சொல்லுறாவோ, அந்த நாளுக்குக் கொண்டு வா மனே.”

கிழமை முடிய, கட்டாரில் இருந்து, றிஸ்லான் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் கம்பனி ஆள் அழைத்தார். நிஸ்றா குசினியில் மீன் கழுவுவதை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றாள்.

“டிக்கட் எப்பக்குப் போட, றிஸ்லான்?”

“நான் வரல்ல நானா. நாளைக்கு இருட்டு தொடங்குது. நாப்பது வீட்டுக்கு நண்டு குடுக்கோணும்.”

“அது முடியட்டும். மறுகா வாங்களேன்.”

“அடுத்த மாசமும் இருட்டு வரும் நானா.”

எட்டு வருஷத்தில் நாலு தடவை அவனைக் கட்டாருக்கு வழியனுப்பியவள் நிஸ்றா. நாலு தடவையும் கண் கலங்காமல்தான் நின்றாள். இப்போது மீன் கையோடு சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.