திட்டு வாங்கும் சாம்பியன்

டூகல் ரேங்கின் பிரிட்டன் முழுவதற்கும் லைட்வெயிட் குத்துச்சண்டை சாம்பியன். குடியிருந்ததோ மனைவி நெட்டாவின் மீன் வறுவல் கடைக்கு மேல்மாடியில். கடவுளுக்கும் குறும்பு உண்டு என்பதற்கு ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் வேறு அத்தாட்சி தேவையில்லை. எடை ஏறக்கூடாத மனிதன், வருஷக்கணக்காக மாட்டுக்கொழுப்பில் மீன் பொரியும் வாசனையை இழுத்துக்கொண்டே அவித்த முட்டையைத் தின்று பெருமூச்சு விட்டான்.

அவன் சண்டைகளில் ஒன்றே ஒன்றைத்தான் நெட்டா பார்த்தாள். முதல் குத்திலேயே பக்கத்து ஆளின் தொப்பியைப் பிடுங்கிக் கிழித்துவிட்டாள். அதோடு சரி. சண்டை நாளில் ரேடியோகூட வைக்காமல் கடையில் கிழங்கு நறுக்குவாள். முடிவு தானாக நடந்து வரும்.

லீத்காரர்களுக்குப் பாராட்ட வராது. அவன் ஜெயித்தால், கப்பல்துறை ஆட்கள் கதவை உதைத்துக்கொண்டு வந்து, "உன் புருஷன் சண்டை போட்டானா, துணி காயப் போட்டானா?" என்பார்கள். பட்டம் வென்ற அன்று கேட்ட வசவில் நெட்டா ஆனந்தத்தில் அழுதேவிட்டாள்.

இன்று மூன்றாவது பட்டச் சண்டை. மூன்று தடவை ஜெயித்தவனுக்குத்தான் சாம்பியனின் இடுப்புப் பட்டை சொந்தம். அதுவரை இரவல். "இதோட நிறுத்திக்கறேன், நெட்டா. பட்டையைக் கல்லாவுக்கு மேல மாட்டிட்டு ஒரு முழு மீன் திங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் தலை மறைந்ததும் அவள் ஆணியே அடித்துவிட்டாள்.

சாயங்கால வெயில் இன்னும் தெருவில் கிடந்தது. முதலில் வந்தவர் கிரேன் ஓட்டும் ஆர்ச்சி, லீத்திலேயே மோசமான வாய். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா சண்டை போட்டான், பொண்ணே."

நெட்டாவின் கத்தி நின்றது.

"அடி பலமா?"

"அதெல்லாம் இல்ல. கடைசி மணி வரைக்கும் நின்னான். நடுவர்தான் நேரா போய் அந்த வேல்ஸ் பையன் கையைத் தூக்கிட்டார்."

கடை நிறைந்தது. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒருவர் "தயவுசெய்து" என்றுகூடச் சொன்னார்.

டூகல் உள்ளே வந்தான். கூட்டம் வழிவிட்டது. "பெரிய வீரன்ப்பா நீ" என்று யாரோ முணுமுணுத்தார்கள். இன்னொருவர் தோளைத் தொட்டார். அவன் ஆணியைப் பார்த்தான். வீங்கிய உதடு நடுங்கியது. இன்னும் ஒரு நல்ல வார்த்தை விழுந்தால் ஆள் சரிந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. வேல்ஸ் பையனால் முடியாததைச் சொந்த ஊர் செய்துவிடும்.

பெரிய ஹாடக் மீனாகப் பார்த்துக் கொதிக்கும் கொழுப்பில் போட்டாள்.

"கதவைச் சாத்தக்கூடத் தெரியாதா? சாயங்காலம் பூரா அந்தப் பையனைக் கட்டிப்புடிச்சுட்டே நின்னியாமே! என்னை என்னிக்காவது அவ்வளவு நேரம் கட்டிப்புடிச்சிருக்கியா?"

ஆர்ச்சிதான் தொப்பியை மறுபடி தலையில் வைத்தார். அவருக்கு உயிர் திரும்பிவிட்டது.

"நானே கேக்கணும்னு இருந்தேன்! டேய் டூகல், எங்க பெரியம்மா கால் ஒடிஞ்சு கெடந்தப்பகூட உன்னைவிட வேகமா நகர்ந்தாடா!"

"அவங்களையே மேடையில ஏத்தியிருக்கலாம்!" என்றது ஒரு குரல். பிறகு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

டூகல் சிரித்தான். உதடு வலித்ததால் பாதிதான் வந்தது. தொப்பியைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து, சாஸ் சொட்டச் சொட்ட முழு மீனையும் தின்றான்.

"இன்னொண்ணு போடு."

"எடை?"

"ஏறட்டும்."