தலைகீழாக வீடு திரும்பியவர்

1.
இது விழாக் கையேட்டுக்காக என்னிடம் கேட்ட அரைப்பக்கக் குறிப்பு. கதையாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். காலஞ்சென்ற என் தம்பி நிக்‌ஷா 1967இல் எடுத்த நான்கு நிமிட ஊமைப்படத்தை, எங்கள் ஷிபெனிக் நகரத்துப் பரிசோதனைப் பட விழாவில் மறுபடி காட்டப்போகிறார்கள்.

முதல் தொடக்கம்: ‘பிலான் குடும்பம் கண்ணியமானது. எங்கள் அப்பா லோவ்ரே கப்பல் வேலைக்குப் போய், கடலில்...’

(முடிக்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக வாய் சொன்னதை எழுதக் கை வரவில்லை.)

2.
திரைப்படக் காப்பகத்து விங்கா போன வாரம் வீட்டுக்கு வந்தாள்.

“பார்பா யெர்கோ, உக்காருங்களேன்.” (எங்கள் கரையில் வயதானவர் எல்லாருமே பார்பாதான்.)

“நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லு.”

“இத்தனை வருஷமா இந்தப் படத்தை வால் பக்கத்திலேர்ந்து, அதாவது கடைசி முனையிலேர்ந்து, ஓட்டியிருக்காங்க. முதல்ல யாரோ ஓட்டிப் பாத்த சுருளைத் திருப்பிச் சுத்தாமலே பெட்டியில வெச்சிருக்காங்க. அதான் எல்லாம் தலைகீழா, பின்னோக்கி ஓடியிருக்கு.”

“அதுக்குத்தானே பரிசு குடுத்தீங்க?”

“நான் அப்பப் பொறக்கவே இல்ல பார்பா.”

3.
படத்தை முதன்முதலாகத் திரையிட்டது ஒரு ஞாயிறு மதியம். திரையில் வானம் கீழே, கடல் மேலே. அப்பா கூரையில் ஈ போல

[அடித்துவிட்டேன். ‘ஈ’ அப்பாவுக்குப் பொருந்தாது.]

அப்பா கால்கள் மேலே இருக்க, பின்னோக்கி நடந்தார். படகிலிருந்து ஒரு கை அவரிடம் பெட்டியைக் கொடுத்தது. துறைமுகத்துக் கற்கள் அவரை மெல்ல மெல்ல எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தன. தொப்பியைக் கழற்றினார். உள்ளே போனார். கதவு மூடியது.

படம் காட்டிய திரைக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு எரிந்ததும், படம் எடுத்தவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

“கடலை எதுக்குப்பா தலைக்கு மேல வெச்சே?” என்றார் நடுவர்.

சுருள் தவறி ஓடியது என்று நிக்‌ஷா சொல்லியிருக்கலாம். “அங்கதான் இருந்துச்சு” என்றான். கைதட்டினார்கள்.

அம்மா படம் முழுவதும் தலையைச் சாய்த்துச் சாய்த்து, கடைசியில் என் தோள்மேலேயே வைத்துவிட்டாள். தெருவில் சொன்னாள்: “வந்துட்டார் பாத்தியா. தொப்பியைக் கழட்டிட்டுத்தான் உள்ள நுழைஞ்சார்.”

நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். எனக்கு யாரும் வரவில்லை.

அதன் பிறகு நிக்‌ஷா அந்தச் சுருளை நேராக ஓட்ட விடவே இல்லை. பெல்கிரேடு, வியன்னா, லிஸ்பன் என்று படம் போன ஊரிலெல்லாம் அப்பா ஒருமுறை வீடு திரும்பினார்.

4.
நேராக ஓட்டினால்: அப்பா தொப்பி போடுகிறார். திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். படகில் ஒரு பெண் பெட்டியை வாங்கிக்கொள்கிறாள். சிரிக்கிறாள்.

தலைகீழாக இருந்த அவள் முகத்தை ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்தால் தெரியும். அவள்

[பெயரை எழுதி அடித்துவிட்டேன். அவள் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கண்ணியம் உண்டு.]

அப்பா கடலில் இறந்தார் என்று ஊருக்குச் சொன்னவன் நான். மூத்தவன்; வேறு யார் சொல்வது?

5.
ஒரு முடிவு: திரையிடும் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறேன். எங்கள் பெயர் தப்பும். நிக்‌ஷாவின் பெயர் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

இன்னொன்று: நேராக ஓட்டச் சொல்கிறேன். நிக்‌ஷா பார்த்ததை ஊர் பார்க்கும். அம்மா பார்த்தது

(இதற்கு வாக்கியம் கிடைக்கவில்லை.)

நேற்று கையெழுத்துப் போட்டு விங்காவிடம் கொடுத்தேன்.

“கருவியில எந்த முனையை முதல்ல கோக்குறது பார்பா?”

“அரங்கத்துல இருக்கவங்களைக் கேளு.”

“அவங்களுக்கு என்ன தெரியும்?”

“தெரிஞ்சுக்கட்டும். அரைப்பக்கம் எழுதித் தரேன்.”

அதுதான் உங்கள் கையில் இருக்கிறது. விங்கா படம் ஓட்டும் கருவியருகே நின்று, எந்த முனை என்று கேட்பாள். சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் நான் எழுந்து போகமாட்டேன்.

மூன்றாம் வரிசை ஓரத்தில் இருப்பேன். பக்கத்து இருக்கை உங்களுடையதென்றால், தோளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். கடல் மேலே வந்தால், என் தலை சாய இடம் வேண்டியிருக்கும்.