அரை வரியில் செத்தவன்

மோத்ரியா டிரங்குப் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். முற்றத்தில் இரண்டு முக்காலிகளின் மேல் அவள் புருஷன் தெமித்தின் மூடாத சவப்பெட்டி. முந்தாநாள் சூரியகாந்தி வயலில் டிராக்டரை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், பிறகு எழுந்திருக்கவில்லை. பாதிரியார் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார்.

"ரெண்டு நாளாச்சுடி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீ" என்றாள் தெமித்தின் அக்கா ஹோர்பினா. "ஒப்பாரி இல்லாம புருஷனை அனுப்பினா ஊரு என்ன பேசும்?"

"வரமாட்டேங்குது அண்ணி. நான் என்ன பண்ண?"

"சினிமாவுல மட்டும் வந்துச்சாக்கும்!"

அது மோத்ரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தனக்கு என்ன கேடு, நெஞ்சு மரத்துப்போயிற்றா என்று அவளுக்கே பயமாகத்தான் இருந்தது.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி வெயிலில், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த அந்தப் பழைய கொசாக் குதிரைவீரர்களின் போர்க்கதையைப் படமாக்கக் கீவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூட்டுப்பண்ணை டிராக்டர்காரர்களுக்கெல்லாம் உச்சிக்குடுமி மட்டும் விட்டு மொட்டை அடித்தார்கள். தெமித்துக்குக் கிடைத்தது, கதையில் அரை வரியில் செத்துப்போகிற பெயரில்லாத வீரன். இயக்குநர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இவனுக்கும் ஒருத்தி இருந்திருப்பா இல்ல?" என்றார். கதையில் இல்லாத ஒரு பெண்ணை அங்கேயே எழுதிச் சேர்த்தார். பால் கறந்துகொண்டிருந்த மோத்ரியாவைக் கூட்டிவந்து, செத்தவன் முகத்தில் சிவப்புப் பட்டுத்துணியைப் போர்த்தி அழச் சொன்னார்கள். அதுவரை அவள் தெமித்தோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் தடவை, அவன் மூச்சில் துணி மேலெழும்பியது. "பொணம் மூச்சு விடுது!" என்று இயக்குநர் கத்தினார். அடுத்த தடவை மீசை துடித்தது. மூன்றாவது தடவை துணிக்கடியிலிருந்து மெல்லக் கேட்டது: "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

மோத்ரியா சிரித்துவிட்டாள். "பொணம் பொண்ணு கேக்குது சார்!" என்று கூவினான், பக்கத்தில் செத்துக் கிடந்த லெவ்கோ.

ஆறாவது தடவை துணி அசையவே இல்லை. மோத்ரியா காத்திருந்தாள். விளையாடுகிறான் என்று நினைத்தாள். அப்புறம் அப்படி நினைக்க முடியவில்லை. ஐயோ என்று அலறி அவன் மார்பில் விழுந்தாள். படத்தில் இருப்பது அந்த அழுகைதான். 'கட்' சொன்ன பிறகும் அவன் அசையாமல் கிடந்து, கண் திறந்து சிரித்தபோது ஓங்கி ஓர் அறை வைத்தாள். இலையுதிர்காலத்தில் கல்யாணம். துணியை உடை அறைக்காரி மூன்று நாள் தேடினாள்; அது அவனுடைய பூட்ஸுக்குள் இருந்தது.

டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தத் துணி கைக்கு அகப்பட்டது. மோத்ரியா அதை உதறிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"அடியே, சினிமாத் துணியைப் போய்ச் சாவுக்குப் போடுவாங்களா?" என்று ஹோர்பினா குறுக்கே வந்தாள்.

"கொசாக்கை இப்படித்தான் அனுப்புவாங்க அண்ணி. தள்ளுங்க."

தெமித்தின் மீசையை ஒருமுறை நீவிவிட்டு, முகத்தின் மேல் துணியைப் போர்த்தினாள். ஒப்பாரிக்குக் காத்திருந்த பெண்களெல்லாம் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் துணியைப் பார்த்தாள்.

ஆற்றுப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. வாய் இருந்த இடத்தில் துணி மெல்ல எழும்பியது.

"பொணம் மூச்சு விடுது" என்றான் வேலியோரம் நின்ற கிழட்டு லெவ்கோ, தன்னையறியாமல். சொன்னவன் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டான். மோத்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹோர்பினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

காற்று நின்றது. துணி மூக்கின் மேலும் உதட்டின் மேலும் படிந்தது. மோத்ரியா காத்திருந்தாள். பாதிரியாரின் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது, அப்போதும் காத்திருந்தாள்.

அன்றைக்குத் துணிக்கடியிலிருந்து அவன் கேட்டதற்கு அவள் வாயைத் திறந்து பதில் சொன்னதே இல்லை. அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு கல்யாணமே வந்துவிட்டது.

மோத்ரியா குனிந்து துணிக்கு மேலாக அவன் காதோரத்தில் வாயை வைத்தாள்.

"ஆயிடுச்சுய்யா" என்றாள்.

நிமிர்ந்தபோது சிவப்புத் துணியில் ஓர் இடம் மட்டும் நனைந்து கறுத்திருந்தது.