அழித்த கோப்பில் யார் பெயர்

"நான் எழுதலைன்னு சொல்றேன்ல—"

"எழுதலைன்னா நானூத்திப் பன்னெண்டு வரியிலயும் உன் பேர் எப்படி—"

"உன் கருவிதானே போட்டுச்சு. நானா உக்காந்து போட்டேன்?"

"மெதுவாப் பேசு பாப்பா. கீழ பூட்டுக்கடைக்காரர் மேல ஏறி வந்துடுவாரு."

பாப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. லிஃப்ட் செய்யும் நிறுவனமொன்றில், கதவுகளை இயக்கும் நிரல்களை எழுதுகிறாள். அக்கா ஆறு வயது மூத்தவள். பூட்டுக்கடைக்கு மேலே இரண்டு மேசை போட்ட அறையில், நிரல் எழுதுகிறவர்களுக்கான கருவி ஒன்றை நடத்தி வருகிறாள். எந்த வரியை யார் எழுதினார், யார் மாற்றினார், எந்தக் கோப்பை யார் அழித்தார் என்று எல்லாவற்றையும் அது நினைவில் வைத்திருக்கும். தங்கையின் நிறுவனம் அதைத்தான் பயன்படுத்துகிறது. மூன்று வருடங்களுக்கு முன், வேறு பிரிவில் இருந்தபோது அங்கே சிபாரிசு செய்ததே தங்கைதான்.

போன வாரம் பழைய மாடல் லிஃப்ட் ஒன்றின் கதவு நான்கு விநாடி காத்திருக்க வேண்டியது, ஒன்றரை விநாடியில் மூடிவிட்டது. ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. தவறான வரியைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வரிக்குப் பக்கத்தில் தங்கையின் பெயர் இருந்தது. இன்று மூன்று மணிக்கு விசாரணை. வேலை இருக்கிறதா போகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

"முதல்லேர்ந்து சொல்லு. அந்த வரி இருந்த ஃபைல யார் அழிச்சது?"

"யாருக்குத் தெரியும். ரெண்டு வருஷமா அது இல்ல. பழைய மாடல் லிஃப்ட் வச்சிருக்கவங்க திடீர்னு வந்து நின்னாங்க. அந்த ஃபைல மீட்டு எடுன்னு மேனேஜர் சொன்னாரு. உன் கருவியில 'மீட்டெடு'ன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினேன், வந்துச்சு."

"அமுக்கினதோட சரியா?"

"பின்ன, வாசல்ல நின்னு கைகுலுக்கி வரவேற்கணுமா?"

அக்காவின் கருவியில் அழித்த கோப்பு எங்கும் போய்விடுவதில்லை. 'இல்லை' என்று ஒரு குறி விழும், அவ்வளவுதான். மீட்டெடுத்தால் பழைய வரிகளே வரும். ஆனால் புதிய கோப்பாக, எல்லா வரியும் மீட்டவர் பெயரில் வரும். முந்தைய வரலாறு பின்னால் தனியாகக் கிடக்கும். நான்கு வருடங்களுக்கு முன் அப்படி முடிவு செய்தவள் அக்கா.

"ஏன்க்கா அப்படி வச்ச? காணாமப் போன புள்ள திரும்பி வந்தா பெத்தவங்க பேர மாத்திடுவியா?"

"இது காணாமப் போகல. ஒருத்தர் யோசிச்சு, வேணாம்னு தூக்கிப் போட்டது. அத எடுத்து மறுபடி உள்ள வைக்கிறவங்க பொறுப்பு ஏத்துக்கணும். அதுக்குத்தான் பேர்."

"பொறுப்பு வேற, எழுதினது வேற. ரெண்டையும் ஒரே பேர்ல ஒட்டி வச்சிருக்க."

போன வருடம் ஒரு வாடிக்கையாளர் இதையே கேட்டபோது இரண்டு பக்கத்துக்கு மறுப்பு எழுதி அனுப்பியவள் அக்கா.

தங்கையின் கைப்பேசி ஒலித்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"அம்மா."

"எடுக்காத. ஹலோன்னு சொன்னாலே சண்டைன்னு கண்டுபிடிச்சுடுவாங்க."

மணி தானாக ஓய்ந்தது.

"எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு," என்றாள் தங்கை. "மீட்டவங்க பேர எழுதினவங்க பேரா காட்டுறது எங்க கருவியோட குறைன்னு. ரெண்டு வரி போதும்."

"அத எழுதினா மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் என்னைக் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. என் சீட்டக் கிழிச்ச அப்புறம் நீ மட்டும் கௌரவமா இருந்து என்ன பண்ணப் போற?"

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"லேப்டாப்ப இங்க தள்ளு."

பின்னால் கிடந்த வரலாற்றை எடுத்துத் திரையில் விரித்தாள். கதவு நேரத்தை எழுதியவர் தங்கைக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர். கோப்பை அழித்தவரும் அவரே.

"பாத்தியா. நான்தான் சொன்னேனே," என்றாள் தங்கை. இரண்டு நாளில் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கீழ அழிச்ச காரணம் எழுதியிருக்காரு. அதையும் படி."

'கதவு நேரம் தவறு. அளந்து பார்த்தேன், ஒன்றரை விநாடிதான் வருகிறது. திருத்தாமல் யாரும் இதை எடுக்க வேண்டாம்.'

தங்கை இரண்டு தடவை படித்தாள்.

"இது எனக்குக் காட்டவே இல்லையே. நான் பட்டன அமுக்கினப்ப இது எங்க இருந்துச்சு?"

"இங்கேயேதான் இருந்துச்சு. மீட்டெடுக்கிறவங்களுக்கு இத முதல்ல காட்டணும்னு எனக்குத் தோணல. பேர் விஷயத்துல வேணும்னா இன்னும் உன்னோட வாதாடுவேன். இது என் தப்பு."

கடிதத்தை எழுதத் தொடங்கினாள். பெயர் மாறி விழுந்தது கருவியால்தான் என்று எழுதினாள். அழித்த காரணத்தைக் காட்டாததும் கருவியின் குறை என்று எழுதினாள். தங்கை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரணத்தக் காட்டியிருந்தா இவங்க மீட்டிருக்கவே மாட்டாங்கன்னு ஒரு வரி சேத்துக்கோ. அதுதான்க்கா முக்கியம்."

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"அத உன்னைக் கேக்காம நான் எப்படி எழுதுறது? மேனேஜர் பின்னாடி நின்னு அவசரப்படுத்துறாரு, இந்த மூணு வரி திரையில வருது. நீ படிச்சிருப்பியா பாப்பா?"